இரண்டாம் பெட்டி

ஜனவரி 18

சின்னவளுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதென்றால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டுக் கிழி.

உன் அண்ணனுக்குச் செப்டம்பரில் பக்கவாதம் வந்தது. பணிமனையில், பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் குழியில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். கையிலிருந்த ஸ்பானர் விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கையும் வலது காலும் பாதிதான் சொன்னபடி கேட்கின்றன. கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. ஆனால் பதிலுக்கு "சரி" என்ற ஒரே சொல்தான் வருகிறது. வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, தண்ணீர் தாகத்துக்கும் சரி, கோபத்துக்கும் சரி.

மாடியில் அவருடைய தேனீப் பெட்டிகள் ஐந்தும் இருக்கின்றன. யாராவது கொண்டுபோகட்டும் என்று நவம்பரில் ஒரு ஆளை வரச் சொன்னேன். தலைக்கு மேலே அந்த ஆள் பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டதும் உன் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டு நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்த ஆளை அனுப்பிவிட்டேன். ஆக, பெட்டிகள் இருக்கின்றன. பார்க்க என்னைத் தவிர ஆள் இல்லை.

தலைவலி இரண்டாம் பெட்டிதான். அதில் தேனடை கட்டுவதற்கான மரச்சட்டங்களில் பாதி காலியாக இருந்தன. அவர் வழக்கமாகச் சட்டத்துக்குள் வைக்கும் மெழுகுத் தகடுகளை அலமாரியில் பூச்சி அரித்துவிட்டது. அதை விற்ற கடையையும் மூடிவிட்டார்கள். வெறும் சட்டத்தையே மாட்டிவிட்டேன், அதுகளுக்குத் தெரியாததா, கட்டிக்கொள்ளட்டும் என்று. கட்டின. சட்டத்தோடு கட்டாமல் கோணலாக, ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று இழுத்துக் கட்டியிருக்கின்றன. ஒன்றைத் தூக்கினால் மூன்றும் சேர்ந்து வருகின்றன. இப்படியே விட்டால் உள்ளே ராணி இருக்கிறதா, நோய் இருக்கிறதா என்று எதையும் பார்க்க முடியாது என்கிற அளவுக்கு எனக்கே புரிகிறது. அவரைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிக் காட்டினேன். பார்த்தார். கண் கலங்கியது. "சரி, சரி" என்றார். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

தகடு இல்லாமல் நேராகக் கட்டவைக்க வழி இருக்கிறதா? நீ இந்த வீட்டில் இருந்த ஒரு வருஷமும் அவரோடு பெட்டி பார்த்தவள். உனக்குத் தெரியும்.

அண்ணி

---

ஜனவரி 30

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு மாதம் கழித்து. என் அண்ணன் பேச்சிழந்து படுத்திருந்த நான்கு மாதமும் நான் இங்கே யார் யாருடைய நெஞ்சையோ எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். இதைப் பற்றி இப்போது எழுதினால் வேறு எதையும் எழுத முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

தகடு இல்லாமல் நேராகக் கட்டவைக்கலாம். தேனீக்கள் அடை கட்டும்போது ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொண்டு சங்கிலி மாதிரித் தொங்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டு போல அந்தச் சங்கிலி நேர் கீழே இறங்கும். அடையும் அதன்படியே இறங்கும். பெட்டி இடமோ வலமோ சாய்ந்திருந்தால் அடை நேராகத்தான் இறங்கும், சட்டம்தான் சாய்ந்திருக்கும். பாதி வழியில் அடை சட்டத்தை விட்டு வெளியே போய்விடும். ஆகவே முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, மழைத்தண்ணீர் உள்ளே நிற்காது. பக்கவாட்டில் இம்மியும் சாயக்கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று அவற்றுக்குக் காட்ட வேண்டும். சட்டத்தின் மேல்கட்டையில், உள்பக்கம், நடுவில் நீளவாக்கில் ஒரு மெல்லிய மரச்சீவலை ஒட்டுங்கள். விரல் அகலம் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதன் விளிம்பில் பழைய தேன்மெழுகைத் தேய்த்துவிடுங்கள்.

காலிச் சட்டங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நேராகக் கட்டிய இரண்டு அடைகளுக்கு நடுவே ஒரு காலிச் சட்டம். இரு பக்கமும் சுவர் இருக்கும்போது கோணலாகப் போக அவற்றுக்கு இடம் இருக்காது. அந்தச் சுவர்கள் முட்டையும் புழுவும் உள்ள அடைகளாக இருக்கட்டும். தேன் உள்ள அடைக்குப் பக்கத்தில் வைத்தால் புதிதாகக் கட்டுவதை விட்டுவிட்டு, பழைய தேனடையையே பருமனாக்கிவிடும். சட்டங்கள் ஒன்றோடொன்று நெருங்கி இருக்க வேண்டும், இடைவெளி கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வளையத் தொடங்கினால் மெழுகு இளசாக இருக்கும்போதே விரலால் மெதுவாகத் தள்ளி நேராக்கலாம். விட்டுவிட்டால் அடுத்த அடை அந்தக் கோணலையே பார்த்துக் கட்டும்.

கோணலாகக் கட்டியதை என்ன செய்வது என்று அடுத்து எழுதுகிறேன். முதலில் பெட்டி நேராகட்டும்.

அண்ணன் "சரி" என்று சொல்லும்போது குரல் பழைய குரல்தானா?

என் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்.

---

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

குரல் பழைய குரல்தான். ஆஸ்பத்திரியில் முதல் தடவை அந்தச் "சரி" வந்தபோது நான் திரும்பிப் பார்த்து, "என்ன சரி, என்னைப் போட்டு இப்படி உலுக்கிட்டு" என்று சண்டை பிடித்தேன். அவ்வளவு பழைய குரல்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். கேட்கவில்லை, ஆனால் கேட்கிறாய். உன் எண் அவர் போனில்தான் இருந்தது. போனைத் திறக்கும் எண் அவருக்குச் சொல்ல வரவில்லை. நான் எதை எதையோ அழுத்திப் பார்த்ததில் அது மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. பரணைச் சுத்தம் பண்ணும்போது, நீ அவருக்கு அனுப்பிய கம்பளிச் சட்டையின் பார்சல் காகிதம் கிடைத்தது. அதில் இருந்த முகவரிக்குத்தான் எழுதினேன். அங்கே இங்கே விசாரித்திருந்தால் முன்பே கிடைத்திருக்கும். எனக்கு வீம்பு. ஒத்துக்கொள்கிறேன்.

உன் எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆனாலும் எழுதுவோம். போனில் நாம் இரண்டு பேரும் என்ன லட்சணத்தில் பேசுவோம் என்று உனக்கே தெரியும். தவிர, உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். முடிந்ததும் கையை நீட்டி முதல் பக்கத்தைத் தொட்டார். மறுபடி வாசித்தேன். நான்கு தடவை. போனில் நான்கு தடவை சொல்வாயா?

இனி பெட்டி. ரசமட்டம் கேட்டுப் பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். மேஸ்திரி, "எதுக்கும்மா?" என்றார். "தேனீக்கு" என்றேன். கொடுத்துவிட்டு அவரும் பின்னாலேயே வந்தார், வேடிக்கை பார்க்க. பெட்டியின் மேல் வைத்ததும் குமிழி ஓடிப் போய் ஓரத்தில் நின்றுகொண்டது. "மொட்டை மாடி தரை வாட்டமா இருக்குமேம்மா, தண்ணி ஓடறதுக்கு. பெட்டிக்கு அடியில எதுவும் குடுக்கலையா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பெட்டியின் இரும்புக் கால்களுக்கும் கீழே கறுப்பு ரப்பர் துண்டுகள் கிடந்தன. பழைய டயரை வெட்டிய துண்டுகள். டிசம்பரில் மாடியைக் கழுவும்போது இரண்டாம் பெட்டிக்கு அடியில் இருந்ததைக் குப்பை என்று நானே பொறுக்கி எறிந்தேன். மற்ற பெட்டிகளுக்கு வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது, தப்பித்தன.

இன்னொன்றும் உறைத்தது. உன் அண்ணனை மாடிக்கு ஏற்றிய அன்று அவர் பெட்டியின் காலைக் காட்டிக் காட்டி "சரி சரி" என்றார். வெயிலில் தரை சுடுகிறது என்று நினைத்து ஓடிப்போய்ச் செருப்பு கொண்டுவந்தேன். மறுபடி காட்டினார். காலுறை மாட்டிவிட்டேன். மறுபடி காட்டினார். "இதுக்கு மேல காலுக்கு என்ன போடறது, கொலுசா?" என்று திட்டினேன். மனுஷன் எதைச் சொல்ல என்ன பாடு பட்டிருக்கிறார்.

மேஸ்திரி இரண்டு ஓட்டுச்சில்லுகளைச் செருகி நேராக்கிக் கொடுத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. உன் அண்ணனும் பக்கத்தில் நின்று பார்த்தார். "சரி" என்றார். இந்தத் தடவை அது நிஜமான சரி.

நன்றி. இதை எழுத ஒரு பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

அண்ணி

---

பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணி,

கொலுசு வரியை வேலை இடத்தில், ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டே படித்துச் சிரித்தேன். வெளியே காத்திருந்த நோயாளி, தன் எலும்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டு. கட்டிலும் மேசையும் போட்டது போக நடக்கிற இடம் நாலு அடி. அதற்குள் உங்கள் கடிதத்தோடு இரண்டு நாள் நடந்தேன்.

கோணல் அடையைச் சரிசெய்யும் விதம் இது. நல்ல வெளிச்சத்தில், தேனீக்கள் வெளியே போயிருக்கும் முற்பகலில் திறங்கள். வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். சட்டங்களுக்கு இடையே இழுத்துக் கட்டியிருப்பதை நீளக் கத்தியால் மேலிருந்து அறுத்து, ஒவ்வொரு துண்டாக எடுங்கள். புழு இருக்கிற துண்டுகளை மட்டும் காலிச் சட்டத்துக்குள் நேராக நிறுத்தி, நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலேயே இருக்க வேண்டும். உங்கள் தையல் நூலே போதும். இரண்டு மூன்று வாரத்தில் அடையைச் சட்டத்தோடு அவை ஒட்டிவிடும். நூலைக் கடித்துக் கடித்து வாசலில் கொண்டுவந்து போட்டுவிடும். தேன் மட்டும் உள்ள துண்டுகளைக் கட்டாதீர்கள், கனம் தாங்காது. முக்கியமாக, புது அடையைப் படுக்கவைக்கக் கூடாது. எப்போதும் செங்குத்தாகவே பிடியுங்கள்.

அடுத்த பக்கம் உங்களுக்கு மட்டும். அண்ணனுக்கு வாசிக்க வேண்டாம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், புருஷன் வீட்டை விட்டு ஒரு பையோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒரு வருஷம் இருந்தேன். ஒருநாள் நீங்கள் அடுப்படியில் உங்கள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இவள வச்சுக்கிட்டு இருக்கிறது, சொல்லு" என்றீர்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் நின்றது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் திரும்பிப் பார்த்தீர்கள். மறுவாரம் வேலை கிடைத்துவிட்டது என்று அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேலை கிடைக்கவில்லை. விடுதியில் மூன்று மாதம் இருந்தேன். அதன் பிறகுதான் எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தேன். அண்ணன், ஒரு கம்பளிச் சட்டையோடு தங்கச்சி தன்னை மறந்துவிட்டாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருப்பார். நான் அப்படியே நினைக்கவிட்டேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், சிரித்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்த பிறகு இதை உள்ளே வைத்துக்கொண்டு பெட்டியைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

---

மார்ச் 8

சின்னவளுக்கு,

வாசித்துவிட்டேன்.

வழக்கம்போல அவர் எதிரில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன். "அண்ணனுக்கு வாசிக்க வேண்டாம்" என்பதையும் அதே வேகத்தில் சத்தமாக வாசித்த பிறகுதான் நிறுத்தினேன். அவர் கையை நீட்டினார். "ஒண்ணுமில்ல, பொம்பளைங்க விஷயம்" என்றேன். நீட்டிய கையை மடக்கவில்லை. எதையாவது இட்டுக்கட்டி வாசித்திருக்கலாம். அவருக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதில்லை, கண்டுபிடித்திருக்க மாட்டார். முடியவில்லை. உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். நான் சொன்ன வார்த்தையை என் வாயாலேயே.

அவர் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் முழுக்க அது பையிலேயே இருந்தது. அதற்கு மறுநாள் காலை நான் பள்ளிச் சீருடைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். கோல் ஊன்றி வந்தார். எழுதும் அட்டையையும் பேனாவையும் மெஷின் மேல், அந்தக் காலர் மேலேயே வைத்தார். வைத்துவிட்டு நின்றார். எழுது என்கிறார். அதுதான் எழுதுகிறேன்.

நீ அன்று காதால் கேட்டது சரிதான். சொன்னேன். நீ நிற்பது தெரிந்தும் பேச்சை மாற்றவில்லை. அன்றைக்கு எனக்கு என்ன கஷ்டம், வீடு எவ்வளவு சின்னது, தையல் எவ்வளவு குவிந்திருந்தது என்று பத்துக் காரணம் எழுதிப் பார்த்து அந்தத் தாளைக் கசக்கிவிட்டேன். காரணம் சொன்னால் அது மன்னிப்பு ஆகாது. சொன்னது தப்பு. நீ போனதும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அது அதைவிடத் தப்பு. என்னை மன்னித்துவிடு.

இன்னொரு கெட்ட செய்தியும் இருக்கிறது. மார்ச் 3 அன்று இரண்டாம் பெட்டியைத் திறந்தேன். நீ முற்பகல் என்றாய். கடைக்குச் சீருடை கொடுத்துவிட்டு வர உச்சிவெயில் ஆகிவிட்டது. அவரை நாற்காலியில் பக்கத்தில் உட்காரவைத்தேன். இரண்டு துண்டுகளை அறுத்துக் கட்டிவிட்டேன், என் தையலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்றாவது பெரிய அடை. கத்தியை எடுக்க ஒரு கை வேண்டுமே என்று, அதைச் சட்டத்தோடு பலகை மேல் படுக்கவைத்தேன். நீ எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தூக்குவதற்குள் ஈரத்துணி மாதிரித் தொய்ந்து, அப்படியே கழன்று விழுந்தது. தேன், புழு, தேனீக்கள் எல்லாம் ஒரே குவியல். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளில்கூட அப்படி அழவில்லை.

அப்போது அவர் எழுந்தார். இடது கையால் நாலாவது சட்டத்தைத் தானே பெட்டியிலிருந்து தூக்கினார். முகத்துக்கு நேரே செங்குத்தாகப் பிடித்தார். மறுபக்கம் பார்க்க, சட்டத்தை மல்லாத்தாமல், கதவு திறக்கிற மாதிரி அப்படியே சுழற்றினார். என்னைப் பார்த்தார். மறுபடி செய்து காட்டினார். அடை அசையவில்லை.

விழுந்த குவியலில் ராணி இருந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தேடினேன், கிடைக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும், சீக்கிரம் எழுது.

அண்ணி

---

மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் ராணி. முட்டை மூன்று நாள்தான் முட்டையாக இருக்கும், நான்காம் நாள் புழுவாகிவிடும். அடை விழுந்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போது திறந்து பார்க்கும்போது முட்டை தெரிந்தால், அது விபத்துக்குப் பிறகு இட்டதுதான். ராணி இருக்கிறாள் என்று அர்த்தம். ஒவ்வொரு அறைக்கும் அடியில் ஒன்றே ஒன்று, வெள்ளையாக, நூல் நறுக்கைக் குத்தவைத்த மாதிரி நிற்கும். வெயில் உங்கள் தோள் வழியாக அறைக்குள் விழும்படி திரும்பி நில்லுங்கள். முட்டை இல்லாவிட்டால் வேறு பெட்டியிலிருந்து முட்டை உள்ள அடை ஒன்றை இதற்குள் வையுங்கள். அவை தங்களுக்கு ஒரு ராணியை வளர்த்துக்கொள்ளும். எப்படியும் பெட்டி பிழைக்கும். அழ வேண்டாம். நானும் அண்ணனும் இரண்டு அடையை இப்படிப் போட்டு உடைத்திருக்கிறோம். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மன்னிப்பைப் பற்றி. இப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன பதில் எழுதுவேன் என்று ஐந்து வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் சுருக்கென்று இருக்கும். ஒன்றுகூட இப்போது கைக்கு வரவில்லை.

எனக்கு எழுத வருவது வேறு. அந்த ஒரு வருஷம் நான் உங்கள் வீட்டில் வாழவில்லை. நடு அறையில் பாயை விரித்துப் படுத்திருந்தேன். அண்ணன் பெட்டி திறக்கும்போது மட்டும் எழுந்தேன். அண்ணன், "அவ இருக்கட்டும், பாவம்" என்பார். அவர் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் நான் அந்தப் பாயிலேயே முடிந்திருப்பேன். உங்கள் வார்த்தைதான் என்னை எழுப்பியது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

நானும் ஒன்று செய்தேன். "அண்ணி கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டா" என்று உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னேன். நீங்கள் தள்ளவில்லை. இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா, "அப்பவே எனக்குத் தெரியும்" என்கிறார். என்ன தெரியுமோ.

அண்ணன் இடது கையால் அடை தூக்கியதைப் படித்துவிட்டு அன்று நான்கு பேருக்கு, "மூச்சை விடலாம்" என்று சொல்ல மறந்துவிட்டேன்.

---

மார்ச் 29

சின்னவளுக்கு,

நன்றி எல்லாம் எனக்கு வேண்டாம். நீ எழுந்து போகட்டும், படித்து ஆளாகட்டும் என்று நான் சொல்லவில்லை. எரிச்சலில் சொன்னேன். நீ ஆளானது உன் சாமர்த்தியம். அதை என் கணக்கில் எழுதாதே, எனக்குக் கூசுகிறது. மன்னித்தாய் என்றால் அது போதும், வாங்கிக்கொள்கிறேன்.

இருபத்தைந்தாம் தேதி காலை பெட்டியைத் திறந்தோம். நீ சொன்னபடி முதுகில் வெயில் படத் திரும்பி நின்று ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தேன். அவர் நாற்காலியில். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நடு அடை ஒன்றைப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்து, "இல்லைங்க, போயிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"முட்டை" என்றார்.

சின்னவளே, ஆறு மாதத்தில் அந்த வாயிலிருந்து "சரி" அல்லாத ஒரு சொல். நான் அடையைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்தேன். "என்ன சொன்னீங்க?" என்றேன். "முட்டை" என்றார் மறுபடி, எனக்குக் காது கேட்காத மாதிரி, எரிச்சலாக. விரலை நீட்டி ஒவ்வொரு அறையாகக் காட்டினார். முட்டை, முட்டை, முட்டை. பிறகுதான் அவருக்கே தெரிந்தது தான் என்ன செய்கிறோம் என்று. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடையை வாங்கிச் செங்குத்தாகப் பெட்டியில் இறக்கிவிட்டு, மூடியை மூடிவிட்டு, அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் சொன்னேன். இன்னும் வரும், ஆனால் மெதுவாக வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். இதுவரை வந்தவை: முட்டை, தண்ணி, போதும், மேல. "போதும்" நான் பேசும்போதுதான் அதிகம் வருகிறது.

நீ சொன்ன மாதிரி இரண்டு நேர் அடைக்கு நடுவே வைத்த சட்டத்தையும் பார்த்தேன். சீவலின் நடுவிலிருந்து நாக்கு மாதிரி ஒரு வெள்ளை அடை, நேர் கீழே. பிடித்துத் தைத்தால்கூட எனக்கு அப்படி நேராக வராது.

உனக்கு லீவு எப்போது கிடைக்கும்? நடு அறையில் கட்டில் போட்டிருக்கிறோம். அவர் கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்கிறேன்.

அண்ணி

---

மே 26

அன்புள்ள அண்ணி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்துவிட்ட மூன்று பாட்டில் தேனில் ஒன்று பையில் கசிந்து, என் வேலைச்சட்டை இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரி எறும்புகளுக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

பதினெட்டு நாள் அங்கே இருந்தேன். நாம் சண்டை போட்டது இரண்டு தடவைதான். ஒன்று ரசத்துக்கு உப்பு. இன்னொன்று மூன்றாம் பெட்டிக்கு இன்னொரு சட்டம் சேர்ப்பதா வேண்டாமா. இரண்டாவதில் நீங்கள் சொன்னதுதான் சரி. அதை அங்கேயே சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உங்களிடம் சேர்க்க வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. கிளம்பிய அன்று காலை நீங்கள் சீருடைகளைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தீர்கள். நானும் அண்ணனும் மாடியில் இருந்தோம். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. நான் குறுக்கே பேசாமல் காத்திருந்தேன். கோலைக் காலுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். இடையே நிறுத்தி மூச்சுவிட்டார். கைப்பிடிச் சுவரில் நிழல் ஒரு செங்கல் நகரும் நேரம் ஆகியிருக்கும்.

"அவளுக்கு... பயம்" என்றார்.

"எதுக்கு அண்ணா பயம்?"

பெட்டிகளைக் காட்டினார். "பூச்சி. சின்ன... சின்ன வயசுலேர்ந்து. ரொம்ப." நெஞ்சில் கையை வைத்து, அது எப்படி அடித்துக்கொள்ளும் என்று விரலால் தட்டிக் காட்டினார். பிறகு, "எனக்காக" என்றார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அண்ணி, நான் அந்த வீட்டில் இருந்த ஒரு வருஷத்தில் நீங்கள் ஒருநாள்கூட மாடி ஏறவில்லை. நாங்கள் தேன் எடுத்துக்கொண்டு இறங்கினால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். எங்களை மதிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஐந்து மாதத்தில் நீங்கள் எழுதிய ஒரு கடிதத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானோ ஆயிரக்கணக்கான தேனீக்கள் இருக்கும் பெட்டிக்குள் கையை விட்டு அடையை விரலால் தள்ளச் சொல்லி, சாவகாசமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் வந்திருந்தபோதும் நீங்கள்தான் முதலில் மூடியைத் திறந்தீர்கள்.

அவர் இதை உங்களிடம் சொல்லச் சொன்னாரா, எனக்கு மட்டும் சொன்னாரா என்று தெரியாது. எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. என் அண்ணன் இன்று பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். இதற்கும் நன்றி வேண்டாம் என்று எழுதினால், அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நேரிலேயே சொல்வேன்.

உங்கள்
சின்னவள்

---

ஜூன் 6

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. அவருக்கு வாசித்தேன். அவர் சொன்ன இடம் வந்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். "போட்டுக் குடுத்துட்டீங்க" என்றேன். "போதும்" என்றார்.

ஆமாம், பயம்தான். எனக்கு ஆறு வயதில் யாரோ தேன்கூட்டைக் கலைத்துவிட்டு ஓடிவிட்டார்கள், கொட்டு வாங்கியது நான். அதிலிருந்து ஒற்றைத் தேனீ பறந்தாலே நான் கதவைச் சாத்திக்கொள்வேன். இப்போதும் பயம்தான். நேற்று இரண்டாம் பெட்டியைத் திறக்கும்போது முழங்கால் ஆடியது. ஆனால் எட்டுச் சட்டமும் நேராக இருந்தன. ஒவ்வொன்றாக, ஒன்றை ஒன்று இடிக்காமல், சீப்பிலிருந்து பழம் பிரிக்கிற மாதிரி வந்தன. முழங்கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது, அது பாட்டுக்கு ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் நன்றியை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸைப் பிடிப்பதென்றால் அதற்காக இல்லாமல் சும்மா பிடித்து வா.

இன்னும் எழுதலாம், ஆனால் வெயில் ஏறுவதற்குள் மூன்றாம் பெட்டியைப் பார்க்க வேண்டும். அவர் கோலோடு படிக்கட்டில் நிற்கிறார். "மேல" என்கிறார். போகிறேன்.

அண்ணி